நாலு படகு

பள்ளிவாசல் எஸ்டேட்
20-1-1974

அன்புள்ள மகள் அழகுத்தாய்க்கு அப்பா நல்லமுத்து எழுதிக்கொண்டது.

இங்கே நான், அம்மா, தங்கச்சி மாரித்தாய் மூவரும் சுகம். நாலு வருஷம் கழித்து உன் சுகத்தை விசாரிக்க எனக்கு வாய் இருக்கிறதா என்று நீ கேட்கலாம். கேட்டுக்கொள். ஆனாலும் பதில் போடு. லயத்து விலாசத்துக்கு வேண்டாம், வரிசை வீடு, அடுத்த வாசலுக்குத் தெரிந்துவிடும். பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் சைனுதீன் ராவுத்தர் பேருக்குப் போடு. பாலக்காட்டுக்காரர், நம் ஆட்களின் வம்பில் தலையிடாதவர்.

அடுத்த மாதக் கடைசியோடு எனக்கும் அம்மாவுக்கும் வேலை முடிகிறது. லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, சங்கரன்கோயில் பக்கம் நம் ஊருக்கே போகிறோம். மாரித்தாயைக் காளிச்சாமி கங்காணி மகனுக்குப் பேசி முடித்தாகிவிட்டது. வைகாசியில் கல்யாணம். நீ அந்தப் பையனோடு போனபோது உன்னை விலக்கி வைத்த கூட்டத்துக்கு அவர்தான் பெரிய மனிதர், உனக்கே தெரியும். உன் வீட்டு வாசலை நான் மிதித்தாலோ, உன் கையால் ஒரு வாய் தண்ணீர் குடித்தாலோ, உன் தங்கச்சி கல்யாணம் அன்றைக்கே நின்றுபோகும்.

ஆனால் அன்று கூட்டத்தில் ஒருவன், பஸ்ஸில் அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டான். அதற்குக் காளிச்சாமி, ஏலே, அது சர்க்கார் வண்டி, பக்கத்துல யாரு உக்காந்தாலும் நாம என்ன செய்ய முடியும், அதுல குத்தமில்ல என்று சொன்னார். நாலு வருஷமாக அந்த ஒரு பேச்சைத்தான் நான் மென்றுகொண்டிருக்கிறேன். இங்கே பஸ்ஸில் ஏறினால் முக்கால்வாசி நம் சனம். ஆனால் நீ இருக்கிற கொச்சியில் ஓடுகிற படகும் சர்க்கார் வண்டிதானே.

சைனுதீன் சரக்கு எடுக்க மாதாமாதம் மட்டாஞ்சேரி போகிறவர். அவரிடம் கேட்டுத் திட்டம் போட்டுவிட்டேன். பிப்ரவரி பத்தாம் தேதி, ஞாயிறு. முந்தின நாளே நானும் அம்மாவும் எர்ணாகுளம் வந்து பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கொள்வோம். காலையில் படகில் ஏறி வில்லிங்டன் தீவு. அங்கிருந்து இன்னொரு படகில் கோட்டைக் கொச்சி. கடற்கரையில் உட்கார்ந்து கட்டுச்சோறு. பிறகு வைப்பீன். வைப்பீனிலிருந்து திரும்பவும் எர்ணாகுளம். ஆக நாலு படகு. எல்லாம் பைசாக் கணக்கில்தான் டிக்கெட். பாலம் இருக்கிற இடத்திலும் நான் பாலத்தில் போகப்போவதில்லை. நீ பிள்ளையோடு முதல் படகிலேயே ஏறி எங்கள் பெஞ்சில் வந்து உட்கார். கரையில் இறங்கினால் எட்டிப் போ. அடுத்த படகு வந்ததும் பக்கத்தில் வா. கடல் பார்க்கிறவர்கள் எதை வேண்டுமானாலும் பார்க்கட்டும், நமக்குப் படகுதான் முக்கியம்.

அம்மாவிடம் சொன்னதும் கம்பளியை எடுத்து வெயிலில் போட்டுவிட்டாள். கடற்கரையில் கம்பளி எதற்கு என்றால், பிள்ளைக்காம். அவனை ஒரு தடவை தூக்கினால் போதும், என்ன கனம் என்று சொல்லிவிடுவேன் என்கிறாள். சொல்லக் கூடியவள்தான். முப்பது வருஷம் முதுகில் கொழுந்துக் கூடை சுமந்தவள். தராசு முள் நிற்பதற்குள் இத்தனை கிலோ என்று சொல்லி, குறைத்து எழுதினால் சண்டைக்கு நிற்பவள்.

அந்தப் பையனிடம் சொல்லிவிட்டு வா. ஒளித்து வராதே. ஒளிந்து செய்வதெல்லாம் எங்கள் பக்கத்தோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா நல்லமுத்து

பள்ளிவாசல் எஸ்டேட்
2-2-1974

அன்புள்ள அழகுத்தாய்க்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் வேறாக இருந்தாலும் வீட்டில் பிள்ளையைச் சங்கையா என்றுதான் கூப்பிடுகிறாய் என்று படித்தேன். என் அப்பா பெயரை அந்தக் கடற்கரையில் கூப்பிடுகிறார்கள் என்பதை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். மூன்றாம் தடவை கேட்டாள். என்னால் முடியவில்லை.

இப்போது ஒரு சங்கடம். இந்த வயதில் என்ன கடல் ஆசை என்று பேக்டரியில் எல்லோரும் கேலி செய்தார்கள். சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று, எவ்வளவு சல்லிசு தெரியுமா, கார் வைத்துப் போகிறவனுக்கு ஒரு கரை, நமக்கு நாலு கரை என்று பெருமையடித்துவிட்டேன். காளிச்சாமி அதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். சாயங்காலமே வீட்டுக்கு வந்து, இம்புட்டுச் சல்லிசுன்னா நாங்களும் வாரோம் சம்மந்தி என்றார். சம்மந்தி என்று கூப்பிடும் மனிதரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? என் வாயைத் தைத்துத்தான் வைக்க வேண்டும்.

சர்க்கார் வண்டியில் குற்றமில்லை என்று அவர்தான் சொன்னார். ஆனால் அவர் கண்முன்னே அதைச் சோதித்துப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. ஆகவே நீ முதல் மூன்று படகில் ஏறாதே. வைப்பீனிலிருந்து நாங்கள் திரும்பும் கடைசிப் படகில் மட்டும் ஏறு. அதுதான் கொஞ்சம் நீண்ட ஓட்டம் என்று சைனுதீன் சொல்கிறார். நீ இப்போது அந்த ஊர்ப் பெண்களைப் போல் சட்டையும் முண்டும் கட்டுவதாக எழுதியிருக்கிறாய். அதுவும் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு எங்கள் பெஞ்சின் ஓரத்தில் யாரோ மாதிரி உட்கார். பேச வேண்டாம். யார் வீட்டுப் பிள்ளையோ என்று சொல்லி அம்மா அவனை மடியில் வாங்கிக்கொள்வாள். ஊரார் பிள்ளையைக் கொஞ்சுவதற்கு யாரும் கூட்டம் போட முடியாது.

நாலு படகு ஒரு படகாகிவிட்டதே என்று கோபப்படாதே. சங்கரன்கோயில் பக்கம் போய்விட்டால் இந்த ஒன்றும் இல்லை. அங்கே படகும் கிடையாது, படகு ஓடத் தண்ணீரும் கிடையாது. தெருவெல்லாம் சொந்தக்காரர்கள்.

இப்படிக்கு,
அப்பா நல்லமுத்து

பள்ளிவாசல் எஸ்டேட்
14-2-1974

அன்புள்ள அழகுத்தாய்க்கு,

நாங்கள் வீடு வந்து சேர்ந்தோம். இதை எழுத மூன்று நாள் ஆகிவிட்டது.

படகில் பெண்களுக்கு முன்பக்கம் தனியாகவும் ஆண்களுக்குப் பின்பக்கமும் இடம் என்று எனக்குத் தெரியாது. மலைக்காரன் புத்தி. தோட்டத்து லாரியில் ஏறுவது போல எல்லோரும் ஒன்றாக ஏறி உட்காருவார்கள் என்று நினைத்துவிட்டேன். சைனுதீன் எப்போதும் தனியாகப் போய் வருகிறவர், அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. காலையில் முதல் படகிலேயே தெரிந்துபோயிற்று. உனக்குச் சொல்லியனுப்பத்தான் வழியில்லை.

போகட்டும், தாயும் மகளுமாவது ஒரு பக்கம் இருப்பீர்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் காளிச்சாமி சம்சாரம் தண்ணீரைப் பார்த்த பயத்தில் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு வைப்பீன் முதல் எர்ணாகுளம் வரை விடவே இல்லை. நீ எதிர் பெஞ்சில் இருந்தாய். அம்மா மடியில் அந்தக் கம்பளி. எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. அது ஆடவில்லை, அசையவில்லை.

அப்போதுதான் பிள்ளை உன் கையிலிருந்து நழுவிப் பின்பக்கம் ஓடிவந்தான். என்னைப் பார்த்துத்தான் வந்தான் என்று நினைக்கிறேன். இரண்டு எட்டு இருக்கும்போது காளிச்சாமி எட்டித் தூக்கிவிட்டார். மடியில் வைத்துக்கொண்டார். வேர்க்கடலையை உடைத்துத் தோலை ஊதி ஊட்டினார். உன்னை விலக்கி வைத்தவர் மடியில் அவன் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். யாரு பெத்த பிள்ளையோ, ராசா மாதிரி இருக்கான், உமக்குத் தெரியுமா சம்மந்தி என்று கேட்டார். தெரியாது என்றேன். மோட்டார் சத்தத்தில் உனக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தால் அங்கேயே தண்ணீரில் விட்டுவிடு.

துறை வந்ததும் நீ பிள்ளையை வாங்க வந்தாய். துண்டு விலகியது. உன் நெற்றித் தழும்பை அவர் பார்த்துவிட்டார். சின்ன வயதில், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் நீ விழுந்தபோது மஞ்சள் வைத்துக் கட்டியதே அவர்தான், மறப்பாரா? பிள்ளையை உன் கையில் தராமல் கீழே பலகையில் இறக்கிவிட்டார். அவன் அழுதான். அது மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது.

பஸ்ஸில் அவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தார். வேட்டியில் ஒட்டியிருந்த கடலைத் தோலைக் கூடத் தட்டிவிடவில்லை. அடிமாலி தாண்டியதும், நானும் பாக்கல, நீரும் பாக்கல, கல்யாணம் நடக்கும், ஆனா இந்தக் கடல் பாக்குற சோலி இத்தோட போதும் என்றார். சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும், மாரித்தாய் கல்யாணப் புடவைக்கு நிறம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் மேல் கோபம் வைக்காதே, அவளுக்கு ஒன்றும் தெரியாது.

இனி இந்த விலாசத்துக்கும் சைனுதீன் கடைக்கும் உன் கடிதங்கள் வர வேண்டாம். ராவுத்தர் பேருக்கு ஒன்றே ஒன்று மட்டும் போடு. அதற்குக் காரணம் உண்டு.

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டினால் தேவலை. ராத்திரி ஒன்று மட்டும் கேட்டாள், பிள்ளை என்ன கனம் இருந்தான் என்று. எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவர் காளிச்சாமி ஒருவர்தான். அவரிடம் போய்க் கேட்க முடியுமா? மருமகனிடம் சொல்லி, மீன் ஏலம் போடுகிற இடத்தில் தராசு இருக்குமே, அதில் அவனை நிறுத்தி எத்தனை கிலோ என்று எழுது. அந்த அளவுக்குக் கொழுந்து கிள்ளி, ஒரு நாள் மலையிலிருந்து தராசு வரைக்கும் சுமந்து பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள் அம்மா. மாதக் கடைசிக்குள் எழுது. அதற்குப் பிறகு கூடையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

மருமகன் கடலுக்குப் போகிறவர், பத்திரமாகப் போய்வரச் சொல். நீ நன்றாக இருப்பாய் அம்மா.

இப்படிக்கு,
சங்கையாவின் தாத்தா
நல்லமுத்து