காவற்காரனை அழித்தேன்

விபோர்க்,
மார்கழி 1988

என் கோபக்கார மகாராணிக்கு,

சிரிக்காதே. நாற்பத்தாறு வயதில் கொம்பியூட்டர் விளையாட்டுப் பழகுகிறேன். அறையில் கூட இருக்கும் ஜெபநேசனின் பெட்டி. விளையாட்டுக்குள் இருக்கும் இலக்கங்களை மாற்றினால் பொம்மைகளும் மாறுமாம். முதல் வேலையாக வீரனுக்குச் சேலை கட்டி, உன்னைப்போல் ஆக்கினேன். இடுப்பை மட்டும் கொஞ்சம் குறைத்தேன்.

உங்கள் விசாவுக்கு இன்னும் பதில் இல்லை. கந்தோரில் கேட்டால், "பார்க்கிறோம்" என்கிறார்கள். நத்தார்ப் பண்டிகைக்கு அப்பாவிடம் போவோம் என்று பிள்ளைகளிடம் இனிச் சொல்லாதே.

நேற்று, விளையாட்டில் கோட்டை வாசலில் மறிக்கிற காவற்காரனை அழித்தேன்.

"அண்ணை, இனி அக்காவை ஆர் மறிக்கிறது?" என்றான் ஜெபநேசன்.

"ஓமடா, வரட்டும்!"

நீ வாசலைத் தாண்டினாய். காவற்காரனோடு உள்ளே இருந்த தரையையும் அழித்துவிட்டேன் போலிருக்கிறது. விழுந்துகொண்டே இருந்தாய். பெட்டியை நிறுத்திவிட்டோம்.

உன் தூரத்துத் தொல்லை