காற்றில் போன முதல் மருந்து

அன்பு மகள் ரோவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். திங்கட்கிழமை பள்ளி வாரியக் கூட்டத்தில் ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விழுங்கிவிட்டேன், அதை முதலில் எழுதிவிட்டால்தான் மற்றதற்குக் கை ஓடும். மேசிக்காக எடுத்த முதல் மருந்தை நான் காற்றில் அடித்துவிட்டேன். அவ்வளவுதான் அந்த வாக்கியம். மற்றபடி நானும் டேல் மாமாவும் நாயும் சுகம், நீயும் கடற்படைப் பயிற்சி முகாமில் வேளைக்குச் சாப்பிட்டுக் கால் கொப்புளம் ஆறி நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். உங்கள் கைபேசிகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று நீ எழுதியபோது வருத்தமாக இருந்தது, இப்போது அதுவும் ஒரு வகையில் நல்லது என்று படுகிறது, இதை என்னால் குரலில் சொல்லியிருக்க முடியாது.

நீ கிளம்பிப் போன பிறகு, பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம், நர்ஸ் டெனிஸ் எங்களில் பத்துப் பேரை நூலகத்தில் என் மேசையைச் சுற்றி உட்காரவைத்து, கள்ள மாத்திரையால் மூச்சு நின்றுபோகிற பிள்ளையை எப்படி மீட்பது என்று சொல்லிக்கொடுத்தார். அவருக்கு மூன்று பள்ளிகள், எங்களுக்குச் செவ்வாயும் வியாழனும்தான். பிள்ளைங்க என்ன, செவ்வாய் வியாழன் பார்த்தா மயங்கி விழும் என்று அவரே கேட்டுச் சிரித்தார். அதற்காகத்தான் பூட்டிய அறையில் கிடந்த, நின்ற மூச்சை மீட்கிற நலோக்சோன் மூக்கு மருந்தை வெளியே எடுத்து, நூலகத்துக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் நடுவில் உள்ள சுவரில் ஒரு பெட்டி வைத்து மாட்டினார்கள். ஒரு பருவத்துக்குச் சோதனை, பிறகு வாரியம் ஓட்டுப் போட்டு முடிவு செய்யும், வேண்டும் என்றால் மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும், வேண்டாம் என்றால் மறுபடியும் பூட்டிய அறைக்கு. பெட்டியில் இரண்டு குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு அழுத்து. சோதிச்சுப் பார்க்காதீங்க, நேரா மூக்குல வெச்சு அழுத்துங்க என்று டெனிஸ் சொன்னது என் குறிப்பேட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. வெற்றுக் குப்பியால் ரப்பர் பொம்மைத் தலையின் மூக்கில் ஆளுக்கொரு முறை அழுத்திவிட்டு, பெப்பரோனி ரோல் சாப்பிட எழுந்து போனோம்.

போன புதன்கிழமை மதிய உணவு முடிந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும், கைப்பந்துப் பயிற்சியாளர் கோலின் குரல் உடை மாற்றும் அறையிலிருந்து வந்தது. போய்ப் பார்த்தால் பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவில் மேசி. கோடை முகாமில் நீ பந்து அடிக்கச் சொல்லிக்கொடுத்தாயே, அந்த மேசிதான், இப்போது பத்தாம் வகுப்பு. தோள்பட்டை வலிக்கு யாரோ பாதி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், வலி மாத்திரை என்று நம்பி விழுங்கியிருக்கிறாள், உள்ளே இருந்தது ஃபென்டனில் என்ற கடும் போதை மருந்து என்று பிறகுதான் தெரிந்தது. உதடு நீலம், தொண்டையில் குறட்டை மாதிரி ஒரு சத்தம், அதுவும் இடைவெளி விட்டு விட்டு. நான் ஓடிப்போய்ப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். உறையைக் கிழித்தேன். அப்புறம் என் கை தானாக ஒரு வேலை செய்தது ரோவன். செப்டம்பரில் நம் பள்ளத்தாக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், ராக்வீட் களை பூத்து ஊரே தும்மிக்கொண்டிருக்கிறது, சர்ச் பியானோ மேல்கூட மூக்கு மருந்துக் குப்பி. புதிதாகத் திறந்தால் காற்றில் ஒரு அழுத்து அழுத்தி, தூறல் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தானே மூக்கில் வைப்போம். இருபது வருடப் பழக்கம். ஜன்னல் வெளிச்சத்தில் அந்தத் தூறல் அழகாக விரிந்து கீழே இறங்கியதை நான் பார்த்தேன். கோலும் பார்த்தார். அவர் மேசியின் வாயில் ஊதுவதை நிறுத்தவில்லை.

இரண்டாவது குப்பியை மூக்கில் வைத்து அழுத்தினேன். மூன்றாவது கிடையாது. ஆம்புலன்ஸ் பதினான்கு மைல் தள்ளி. இரண்டு நிமிடம் ஒன்றும் இல்லை, மூன்று நிமிடம் ஒன்றும் இல்லை, கோல் ஊத ஊத நெஞ்சு ஏறியது, நிறுத்தினால் நின்றது. நான் மேசியின் காலணி நாடாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எதற்கு என்று தெரியவில்லை. நாலாவது நிமிடம் அவளாகவே ஒரு மூச்சு இழுத்தாள். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து இன்னொரு மருந்து கொடுத்த பிறகுதான் கண் திறந்தாள். திங்களன்று காலை வீட்டுக்கு வந்துவிட்டாள், அவள் அம்மா எனக்குக் கொண்டுவந்து கொடுத்த பீச் பழப் பலகாரம் இன்னும் வெட்டாமல் அடுப்பு மேல் இருக்கிறது.

அன்று மாலை கூட்டம், பருவம் முடியும்வரை காத்திராமல் இப்போதே ஓட்டுப் போட்டுவிடலாம் என்று வாரியம் கூட்டியது. இருநூறு பேராவது இருக்கும். தீவனக் கடை கார்லண்ட் பீல் வாரியத்தில் இருப்பது உனக்கு நினைவிருக்கும், ஆரம்பத்திலிருந்தே அவர் பெட்டிக்கு எதிர். பூட்டி வெச்சா நர்ஸ் கை படும், தொங்க விட்டா எவன் கை வேணா படும், படிச்ச கையும் பதறின கையும் ஒண்ணா என்று கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, டாரா, சுத்தி வளைக்காம கேக்கறேன், அன்னிக்கு ஏதாவது தப்பு நடந்துதா என்றார். நான் எழுந்து நின்று, மேசி உயிரோட இருக்கா என்றேன். அரங்கமே கைதட்டியது. அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது வேறு, அது அவருக்கும் தெரிந்தது என்றுதான் நினைக்கிறேன், கைதட்டல் ஓயும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டெடுப்பை வியாழனுக்குத் தள்ளிவைத்தார்கள். வெளியே வந்ததும் தலைமை ஆசிரியர் ஹாஸ்கின்ஸிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கார் சாவியை ஆட்டிக்கொண்டே, ரெண்டு குப்பி எடுத்தோம், ரெண்டும் காலி, அறிக்கையில அதுதான் இருக்கு, அதுல பொய் எங்கே இருக்கு, நீ வாயைத் தொறந்தா கார்லண்ட் பெட்டியைக் கழட்டிடுவார், அடுத்த பிள்ளைக்கு யாரு பதில் சொல்றது என்றார். அவர் கெட்டவர் இல்லை. நான் படித்த கதைகளில் பொய் சொல்கிறவர்களைச் சுலபமாக அடையாளம் காணலாம், எண்களெல்லாம் சரியாக இருக்கிற அறிக்கைக்குள் ஒரு பொய் இவ்வளவு வசதியாகக் குடியிருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

டேல் மாமாவிடம் சொன்னேன். டயர்க் கடையில் மதிய இடைவேளை, கையெல்லாம் கரி. முதலில் சிரித்தான், ஏன்க்கா, மேசிக்குத் தும்மல்னு நெனச்சியா என்றான். பிறகு சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு, மாத்திரை போட்டு மூச்சு நின்னப்பல்லாம் என்னை எழுப்பினவங்க மூணு பேரு, மூணு பேருமே முன்னப் பின்ன தெரியாதவங்க, அதுல ஒரு பொம்பளை கை நடுங்கினது மட்டும் இன்னும் ஞாபகம் இருக்கு, கை நடுங்கறது தப்பில்லே, ஆனா நீ இதைச் சொல்லலைன்னா அந்தப் பத்துப் பேருல அடுத்தவனும் காத்துலதான் அடிப்பான், எல்லாப் பயலுக்கும் இந்த ஊரு மூக்குதானே என்றான். நாலு வருடமாகப் போதை மாத்திரையைத் தொடாமல் இருக்கிறான் ரோவன், அவனுக்குத் தெரியும். சொன்னால் பெட்டி போகலாம், சொல்லாவிட்டால் பெட்டி இருந்தும் ஒரு பிள்ளை போகலாம். இன்று புதன், நூலகத்தில் யாரும் இல்லை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுவரில் பெட்டி தெரிகிறது, புதிதாக இரண்டு குப்பிகள் வைத்திருக்கிறார்கள். நாளை சொல்லிவிடுவேன். இதை எழுதிவிட்டால் பின்வாங்க முடியாது என்பதற்காகவும்தான் எழுதுகிறேன்.

நாய்க்குக் காது புண் ஆறிவிட்டது. உன் அறையில் மழை ஒழுகிய இடத்தை டேல் அடைத்துவிட்டான், வண்டிக்கு மட்டும் இன்னும் பிரேக் பார்க்கவில்லை. நீ படித்து முடித்த புத்தகத்தை அனுப்பாதே, அங்கேயே யாருக்காவது கொடு. தண்ணீர் நிறையக் குடி. கால் வலிக்கு, முதுகு வலிக்கு என்று யார் மாத்திரை நீட்டினாலும், அது உன் உயிர்த்தோழியே ஆனாலும், வாங்காதே, முகாம் மருத்துவரிடம் போ, அழுமூஞ்சி என்று கேலி செய்தால் செய்யட்டும். கடல் எத்தனை முறை உன்னைக் கூப்பிட்டாலும் அத்தனை முறையும் கரைக்குத் திருப்பித் தரட்டும். ஞாயிறு தோறும் இரண்டு வரியாவது எழுது, மறக்காதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா டாரா

வெள்ளி காலை. தபாலில் போடும் முன் இதையும் சேர்க்கிறேன். நேற்று சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. கார்லண்ட் தன் சட்டைப் பையிலிருந்து மூக்கு மருந்துக் குப்பியை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார். ஓட்டு மூன்றுக்கு இரண்டு, பெட்டி வேண்டும் என்று. பெட்டி சுவரில் இருக்கிறது, சோதித்துப் பார்க்காதீர்கள் என்று அதன் மூடியில் சிவப்பில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். மருந்து கொடுக்க அனுமதி உள்ள பத்துப் பேர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள்.