வெயிலில் காய்ந்து தேறிய டிஸ்க்குகள்

என் கூடப் பிறந்த சண்டைக்காரனுக்கு, அருள் அண்ணாவுக்கு,

திண்டிவனத்தில் நம் ஸ்டுடியோவை நான் இன்னும் மூடவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இப்போது கல்யாண வீடியோவை எல்லோரும் பென்டிரைவில்தான் கேட்கிறார்கள். நீ இருந்திருந்தால் அதற்கும் ஒரு குறை கண்டுபிடித்திருப்பாய்.

பெருமுக்கல் கிராமத்துச் செல்வியை ஞாபகம் இருக்கிறதா? அவள் கல்யாணத்தை நீ எடுத்தாய், நான் எடிட் செய்தேன். மல்லாட்டைக் கடலை பிடுங்குகிற அறுவடை நேரத்தில் முகூர்த்தம் வைத்ததற்காக அவள் அப்பாவை நீ கிண்டல் செய்துகொண்டே இருந்தாய். அந்த அப்பா போன மாதம் தவறிவிட்டார். அங்கே பார்த்தாயா அவரை?

செல்வி கடைக்கு வந்தாள். கையில் ஜோடி போட்டோ ஒட்டிய அந்தப் பழைய டிவிடி. பளபளக்கிற பக்கத்தில் மஞ்சளும் குங்குமமும் அப்பிக் கிடந்தன. முதல்முறை பார்ப்பதற்கு முன்னால் பூஜையில் வைத்துப் பொட்டு வைத்தார்களாம். மேலே ஒட்டிய போட்டோவும் பசையோடு சேர்த்து டிஸ்க்கின் மேல்பூச்சை உரித்துக்கொண்டு வந்திருந்தது. சிரிக்கவும் முடியவில்லை. நம் சர்ச் சனங்கள் மட்டும் என்ன, சாமியாரிடம் டிஸ்க்கைக் கொடுத்துத் தீர்த்தம் தெளிக்கச் சொன்னவர்கள்தானே!

"அக்கா, எங்கப்பா கொரலு எதுலயுமே இல்லக்கா," என்றாள். "போன்ல பேசினதெல்லாம் பேசினதோட போச்சு. அன்னிக்கி மண்டபத்துல என்னைத் தனியா நிக்க வெச்சி ஏதோ சொன்னாரு. நான் அழுதுக்கினு இருந்தேன், காதுல வுழல. அருள் அண்ணன் எடுத்துக்கினு இருந்தாரு. அது உங்ககிட்ட இருக்குதாக்கா?"

அவள் டிஸ்க் ஓடினாலும் பிரயோசனம் இல்லை. வழியனுப்புகிற இடம் முழுக்க நான் சினிமாப் பாட்டை ஏற்றியிருந்தேன். வெட்டாத ஒரிஜினல் இருந்த ஹார்ட் டிஸ்க்கோ மேசையிலிருந்து விழுந்து, இரண்டு நாள் கிர்கிர் என்று முனகி அடங்கிப்போனது. இனி உன் அலமாரி ஒன்றுதான் கதி.

அந்த அலமாரிக்காக எத்தனை சண்டை போட்டிருப்போம். வெட்டாததை வைத்து என்ன செய்வது என்று நான் கேட்பேன். "வாடிக்கைக்காரங்களுக்குக் குடுத்தது அவங்க பாடு. நம்மகிட்ட ஒண்ணு முழுசா இருக்கணும்," என்பாய். அதற்கு மலிவு டிஸ்க் ஆகாது. விழுப்புரம் வரை ரயிலேறிப் போய், கம்பெனிக்கு ஒன்றாக வாங்கிவந்து, படத்தை எழுதி, எது தாங்கும் என்று பார்க்க மொட்டை மாடியில் கத்திரி வெயிலில் காயப்போட்டாய். அண்ணி வடகம் எடுக்கப் போய் டிஸ்க்கையும் சேர்த்து முறத்தில் அள்ளிக்கொண்டு வந்தாரே! அந்தக் கோடைக்குப் பிறகும் எது கெடாமல் படித்ததோ அந்த ரகத்தைத்தான் வாங்கினாய். வாங்கியதிலும் இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் எழுதுவாய், எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்ப்பாய்.

"ஜல்தி ஜல்தின்னு பேஜாரு பண்ணாத மேரி. மெதுவா எழுதினாதான் நல்லா பதியும்."

அலமாரியைத் திறந்தேன். ஒரு டிஸ்க்கிலும் ஸ்டிக்கர் கிடையாது. நடுவளையத்தில் மட்டும் உன் கோணல் எழுத்து. செல்வியுடையது கிடைத்தது. புதுக் கம்ப்யூட்டரில் போட்டேன், படிக்கவில்லை. துடைத்துப் போட்டேன், அப்போதும் இல்லை. செல்வி முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாதாவே என்று இன்னொரு முறை துடைத்தேன்.

அப்போதுதான் உன் பழைய டிவிடி ரைட்டர் நினைவுக்கு வந்தது. இந்த டிஸ்க்குகளை எழுத மட்டும் வைத்திருந்தாயே, வேறு யாரும் தொடக்கூடாது என்று துணி போட்டு மூடி. "வேற எதுலயும் படிக்கலன்னா எழுதின டிரைவ்லயே போட்டுப் பாரு. காயலான் கடைக்கு மட்டும் போட்டுடாத," என்று ஆஸ்பத்திரியில்கூடச் சொன்னாய். பழைய கம்ப்யூட்டரில் மாட்டினேன். உறுமியது, நின்றது, மறுபடி உறுமியது. படம் வந்துவிட்டது, அண்ணா!

மண்டபத்து ஓரம். பெரியவர் மகளின் கையைப் பிடித்திருக்கிறார். உதடு அசைகிறது, மேளச் சத்தத்தில் ஒன்றும் புரியவில்லை. செல்வி ஸ்பீக்கருக்குக் கிட்டே காதைக் கொண்டுபோனாள். சட்டென்று கேமராவுக்குப் பின்னாலிருந்து உன் குரல்.

"ஐயா, இன்னொரு வாட்டி சத்தமா சொல்லுங்க. அது அழுதுக்கினு கீது, இப்ப காதுல வுழாது. அப்பால கேக்கும்."

அவர் சங்கடமாகச் சிரித்துவிட்டு, திரும்பச் சொன்னார். "எப்ப வரணும்னு தோணினாலும் பஸ்ஸுக்குக் காத்துக்கினு நிக்காத செல்வி. ஒரு போன் போடு. நானே வண்டி எடுத்துக்கினு வர்றேன். எதுக்குன்னு கேக்க மாட்டேன்."

செல்வி அழுதுகொண்டே சிரித்தாள். "கேக்கவே இல்லக்கா. நான் கோச்சிக்கினு கெளம்பினப்பல்லாம் வந்தாரு. ஒரு வாட்டி கூட எதுக்குன்னு கேக்கல."

அவளுக்கு நகல் எடுத்துக் கொடுத்தேன். பொட்டு வைக்காதே, போட்டோ ஒட்டாதே என்று உன்னைப் போலவே அதட்டி அனுப்பினேன். அவள் போன பிறகு அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன், அவருக்காக இல்லை. கேமராக்காரர் குரல் படத்தில் வரக்கூடாது என்பது நம் தொழில். இத்தனை வருஷமும் உன்னை வெட்டி எடுப்பதுதான் என் வேலையாக இருந்தது. நீயோ அலமாரியில் இருக்கிற ஒவ்வொரு கல்யாணத்திலும் முழுசாக உட்கார்ந்திருக்கிறாய். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது, அண்ணா. நிஜமாகவே இறங்கியது.

உன் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக நகல் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நகல் புது ஹார்ட் டிஸ்க்கில் இங்கே. இன்னொன்று வேறு கம்பெனி டிஸ்க்கில், விழுப்புரத்தில் அண்ணி வீட்டில் வைக்கப்போகிறேன். அதற்காகக் கம்பெனிக்கு ஒன்றாக வாங்கி எழுதிய டிஸ்க்குகள் மாடியில் காய்கின்றன. படித்த ரகத்தில்தான் எழுதுவேன், மெதுவாகத்தான் எழுதுவேன். உன் குரலை இனி ஒரு இடத்திலும் வெட்டமாட்டேன். இது சத்தியம்.

அப்பால கேக்கும் என்றாயே, கேட்டுக்கொண்டே இருக்கிற
உன் தங்கச்சி,
மேரி