முள் சரியாகத்தான் நின்றது, அப்பா

என் செல்ல அப்பாவுக்கு,

நலம் விசாரிப்பதையெல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம், முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். நம் மரவள்ளிக் காட்டு மண்ணுக்கு ஒன்றுமே ஆகவில்லை அப்பா! கிழங்கில் மாவு குறையவே இல்லை. நேற்று மத்தியானத்திலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

உங்களுக்குத் தெரிந்ததுதான், இதை எட்டிப் பார்த்துப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் மரவள்ளிக்கிழங்கை சேகோ மில்லில், அதாவது ஜவ்வரிசி ஆலையில், போடும்போது எடையை மட்டும் பார்ப்பதில்லை, 'பாயிண்ட்'டும் பார்ப்பார்கள். கொஞ்சம் கிழங்கைக் கூடையில் போட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் தொங்கவிட்டால், மாவு நிறைந்த கிழங்கு தண்ணீருக்குள்ளும் கனக்கும். அந்தக் கனத்தைத் தராசு முள் காட்டும் எண்தான் பாயிண்ட். வெள்ளாமை செய்யும் சம்சாரிக்கு அதுதான் பரீட்சை மார்க்கு.

நம் காடு என்றால் இருபத்தெட்டு. மீசையைத் தடவிக்கொண்டு நீங்கள் சொல்லும் அந்த இருபத்தெட்டு, மில்லில் புதுக் கொட்டகை போட்ட வருடம் இருபத்தாறு ஆனது. அதற்குப் பிறகு ஏறவே இல்லை. ஊர்க்காரர்கள் மழையைத் திட்டினார்கள். நீங்கள் மட்டும் உங்களையே திட்டிக்கொண்டீர்கள். ஏரி வண்டல் அடித்தீர்கள், ஆட்டுப்பட்டி போட்டீர்கள், உரக்கடைக்காரர் சொன்னதையெல்லாம் கொட்டினீர்கள். முள் அசைந்து கொடுக்கவில்லை.

சேலத்து ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னீர்கள்? "மண்ணைக் கெடுத்து உன் கையில குடுத்துட்டேன் சாமி." அந்த ஒரு வாக்கியம் செந்திலை அரித்துத் தின்றுவிட்டது அப்பா. இந்த அறுவடையோடு காட்டை, வீட்டுமனை பிரித்து சைட் போடுகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டான். "செத்த மண்ணைக் கட்டிக்கிட்டு அழச் சொல்றயாக்கா?" என்று கேட்டான்.

கடைசி லோடு, நானும் வருகிறேன் என்று வண்டியில் ஏறிக்கொண்டேன். திருச்செங்கோட்டில் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேனே ஒழிய, பாயிண்ட் பார்ப்பதை ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. கிழங்கு லோடோடு பெண்கள் போகும் வழக்கம் நம்மிடம் ஏது?

கொட்டகைக்குள் நுழைந்தால் ஒரு சுவரில் வட்டத் தராசு, அதற்கு நேர் எதிர்ச்சுவரில் மாலை போட்ட பெரிய முருகன் படம். கூடை தண்ணீரில் இறங்கியதும் என் கால் பழக்கதோஷத்தில் தராசுக்கு நேர் முன்னால் போய் நின்றுவிட்டது. செந்தில் பதறிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தான்.

"அக்கா, சாமிக்கு முதுகு காட்டிக்கிட்டு நிக்கற பாரு! இந்தப் பக்கம் வா."

அப்போதுதான் கவனித்தேன். மில்காரர், எடை போடுகிறவர், கிழங்கு கொண்டுவந்தவர்கள் எல்லோருமே தராசுக்கு வலப்பக்கம், சுவரோரமாக ஒதுங்கி நிற்கிறார்கள். இடப்பக்கம் முழுக்க மூட்டை அடுக்கு. நேராக நின்றால் முருகனுக்கு முதுகு காட்ட வேண்டும், அது ஆகாது. ஆகவே ஒருக்களித்து நின்றே எல்லோரும் முள்ளைப் பார்க்கிறார்கள். முள்ளுக்கும் எண் தகட்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி!

"இருபத்தாறு" என்றார் எடை போடுகிறவர்.

நேராக நின்ற என் கண்ணுக்கு அது இருபத்தெட்டு அப்பா.

வருடா வருடம் செய்முறை வகுப்பில் தொண்டை வற்றக் கத்துவேனே, அந்த இடமாறு தோற்றப் பிழை! பக்கவாட்டிலிருந்து பார்த்தால் முன்னால் இருக்கும் முள், பின்னால் இருக்கும் எண்ணிலிருந்து விலகித் தெரியும். வலப்பக்கம் நின்றால் இடப்பக்கம் விலகும், நம் தராசில் அது குறைந்த எண்ணின் பக்கம்.

ஆனாலும் அவசரப்படவில்லை, உங்கள் மகளல்லவா? கிழங்கை எடுக்கச் சொன்னேன். கூடையில் ஒட்டியிருந்த சேற்றைக் கழுவி, வெறும் கூடையைத் தண்ணீரில் தொங்கவிட்டு, முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்த்தேன். நின்றது. மறுபடி கிழங்கை இறக்கி, தண்ணீரும் முள்ளும் ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்தேன். "எங்கக்கா இங்கயும் பரிச்ச வெச்சுருச்சுங்க" என்று செந்தில் நெளிந்தான்.

மில்காரரைக் கூப்பிட்டேன். "ஒரு கண்ணை மூடிக்கிட்டுச் சுவரோரத்திலிருந்து மெதுவா நடந்து வாங்க. முருகன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாருங்க."

படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தார். பாதியில் நின்றார். பின்னால் போனார், திரும்ப வந்தார்.

"ஏனுங் அம்மிணி, முள்ளு நின்ன எடத்துலயேதான் நிக்குது. நாமதான் நகந்துக்கிட்டு இருந்தமுங்களா?"

"ஆமாங்க."

"அடக் கருமமே! கொண்டாந்த பாயிண்டுக்கு மேல மாவு உழுகுதே, புது மிசினு கைராசின்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சனே!"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை அப்பா, எல்லோரும் சாமிக்கு மரியாதை செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். படத்தைக் கழற்றலாமா என்று ஒருவர் கேட்க, மில்காரர் காதைப் பொத்திக்கொண்டார். கடைசியில் தொட்டியை நகர்த்தி, தராசையே கழற்றிப் படத்துக்குக் கீழே, நிற்கிறவர் கண்ணுயரத்தில் மாட்டினார்கள். இனிமேல் முருகனையும் முள்ளையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். அங்கே வைத்து நம் கிழங்கை இன்னும் இரண்டு முறை பார்த்தார்கள். இரண்டு முறையும் இருபத்தெட்டுதான்.

ஒன்று மட்டும் ஆறவில்லை. நீங்களும் அந்தச் சுவரோரத்தில்தானே கைகட்டி நின்றிருப்பீர்கள்? சாமிக்கு முதுகு காட்டாத மனிதருக்கு இப்படி ஒரு வேதனை எதற்கு? எனக்குக் கோபம் வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

செந்தில் வீட்டுக்கு வந்ததும் நேராகக் காட்டுக்குப் போனான். கொளுத்திவிடலாம் என்று குவித்துப் போட்டிருந்த மரவள்ளிக் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, நல்ல விதைக்குச்சியாகப் பிரித்து, வேப்பமர நிழலில் வரிசையாக நிறுத்தினான். நடுவில் சைட்காரர் போன் செய்தார். "இல்லீங்க, காடு குடுக்கறதா இல்லீங்க. எங்கப்பன் மண்ணுங்க இது" என்றான். போனை வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். நானும்தான்.

அடுத்த அறுவடை லோடுக்கும் நான் போவேன் அப்பா, இது சத்தியம். நேராக நின்று பார்த்து, கொட்டகை அதிர உரக்கச் சொல்வேன். எண் ஏறினாலும் இறங்கினாலும் உள்ளதை உள்ளபடியே சொல்வேன். நீங்கள் நல்ல மண்ணைத்தான் கொடுத்துவிட்டுப் போனீர்கள். இனி நிம்மதியாகத் தூங்குங்கள், சாமி.

உங்கள் மூத்த பிள்ளை,
செந்திலின் அக்கா,
கலாமணி