பட்டியலில் இல்லாத நாடு

பெப். 3, செவ்வாய்

குளிர் மைனஸ் இருபத்திரண்டு. வீடு இருக்கிற லவாலில இருந்து வந்த மெற்றோ ரயில் பிந்தி. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வெள்ளி. மிச்சம்: வேலைத்திட்டம், பிரெஞ்சுச் சுருக்கம், திட்டத்துக்குப் பொறுப்பாள் எண்டு என்ர கையெழுத்து.

கிணத்துத் தண்ணியில, குழந்தைகளுக்கு நஞ்சான நைட்ரேட்டை அளக்கிற கருவி. செய்தது நான். சரியா அளக்குதெண்டு காட்டினது ரவி. கம்பஸில என்னோட படிச்சவன், இப்ப மட்டக்களப்பில விரிவுரையாளர். இரண்டு வருசம் மோட்டச்சைக்கிளில கிணறு கிணறாத் திரிஞ்சவன். இரண்டு நாடு சேர்ந்து ஆராய்ச்சி செய்தா இஞ்சத்தை அரசாங்கம் காசு தரும். அதுக்குத்தான் இந்த விண்ணப்பம்.

பெப். 4, புதன்

முதலாளி கூப்பிட்டார். இலங்கை பட்டியலில இல்லையாம். ஒப்பந்தம் உள்ள நாடுகள் மட்டுந்தானாம். விதிமுறையை நானும் வாசிச்சனான். அந்தப் பக்கத்தை மட்டும் கெதியாப் புரட்டிட்டன்.

ரவிக்குப் பதிலா ஒரு ஜேர்மன் கொம்பனியோட ஏற்கெனவே கதைச்சிட்டாராம்.

"அவையள் ஒரு கிணத்தையும் எட்டிப் பாக்கேல்லையே" எண்டன்.

"தரவு எங்களிட்ட இருக்குத்தானே. நன்றிப் பக்கத்தில உங்கட நண்பரைப் போடுவம்."

நான் கையெழுத்து வைக்காட்டி விண்ணப்பம் போகாது. போகாட்டி ஆய்வுகூடத்தில மூண்டு பேருக்கு வேலை இல்லை. அதில ஒராள் நான்.

பிள்ளையைப் பகலில பாக்கிற கார்டெரியில இருந்து அழைப்பு. என்ர சின்னவளுக்குக் காய்ச்சல்.

பெப். 6, வெள்ளி

பத்து மணிக்குக் கையெழுத்து வைச்சிட்டன்.

ரவியின்ர பேரை அழிச்சதும் நான்தான். கொம்பனிப் பேர் நீளம், பெட்டிக்குள்ள அடங்கேல்லை. எழுத்தைச் சிறிசாக்கினன்.

ரவிக்குப் பேந்து சொல்லலாம்.

ஜூன் 11, வியாழன்

மழை. நேற்று முடிவு வந்தது, கிடைச்சிட்டுது. கேக், கைதட்டல், முதலாளி கட்டிப்பிடிச்சார்.

நாலு மாசமா ரவிக்கு நான் சொல்லேல்லை. காலமை அவனே போன் எடுத்தான்.

"வாணி, இணையத்தில பாத்தன்! நம்மட கருவிதானே? மழைக்கு முதல் அடுத்த மாதிரிகள் எடுக்கணும். எப்ப தொடங்குவம்?"

சொன்னன். பட்டியல், ஜேர்மன்காரர், என்ர கையெழுத்து, எல்லாம். இடையில நிப்பாட்டினா அழுதிடுவன் எண்டு ஒரே மூச்சில.



"அப்ப இஞ்ச கருவி வராதா?" எண்டான். "வீடு வீடாப் போய், வருமெண்டு சொல்லிப்போட்டனே. பிள்ளைகளுக்கு அந்தத் தண்ணியைத்தானே குடுக்குதுகள்."

தன்ர பேரைப் பற்றி ஒரு சொல்லும் கேக்கேல்லை.

அதுக்கு மட்டுந்தான் நான் பதில் யோசிச்சு வைச்சிருந்தனான்.