வெளிவாசலில் ஒட்டிய தாள்

அன்புள்ள அம்மாவுக்கு,

இரீனியின் முத்தங்கள். முழங்கால் வலி குறைந்ததா? அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறாரா? அஸ்யூத் விடுதியில் நான் சுகம்.

ஒரு சின்ன விஷயம், பயப்படாதீர்கள். தேவாலயத்தின் வார அறிவிப்பை இப்போது நான்தான் எழுதுகிறேன். ஞாயிறு ஆராதனை, செவ்வாய் பெண்கள் ஜெபம், வெள்ளி காலை ஏழு மணிக்குச் சிறுவர் சுற்றுலாப் பேருந்து. எழுத்து அழகாக வந்ததால், உள்ளே மாட்ட வேண்டியதை வெளிவாசலில் ஒட்டிவிட்டேன். மதியம் அதைப் பார்த்து, வாசல் காவலர் ஷாபான் மாமா சிரித்தார்.

“சர்ச்சைத் தாக்க வருவாங்கன்னுதான் நாங்க துப்பாக்கியோட நிக்கிறோம். நீ பஸ் எப்பக் கிளம்பும்னு ஊருக்கே சொல்லிட்டியேம்மா.”

கிழிக்க ஓடினேன். தாள் இல்லை, நான்கு மூலையிலும் பசை மட்டும் இருந்தது. அதன்பின் அவர் சிரிக்கவில்லை.

போதகர் பயணத்தை ஒன்பது மணிக்கு, பள்ளிக்கூட வாசலுக்கு மாற்றினார். “எழுதாத. வீடு வீடாப் போய்ச் சொல்லு” என்றார். சொல்லிவிட்டேன். தையற்காரர் வக்தியின் வீடு மட்டும் பூட்டியிருக்கிறது, கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள், வியாழன் நள்ளிரவில்தான் திரும்புவார்களாம். போனும் எடுக்கவில்லை. அவருடைய இரட்டைப் பிள்ளைகள் பழைய நேரப்படி ஏழு மணிக்கே தேவாலய வாசலுக்கு வந்துவிடுவார்கள். துப்பாக்கியைக் கண்டால் மாமாவிடம் போகமாட்டார்கள், தெருவிலேயே நிற்பார்கள். அதனால் நான் போய்க் கூட்டி வருகிறேன்.

வியாழன் வரும் ஹானி அண்ணனிடம் மாவை வெயிலில் புளிக்க வைத்து நீங்கள் சுடும் ரொட்டியும் என் பழைய ஓட்டக் காலணியும் கொடுத்தனுப்புங்கள். புதியது கடிக்கிறது.

உங்கள் காலை ஜெபத்தில் என் பெயர் எப்போதும் கடைசியில்தான் வரும். வெள்ளிக்கிழமை மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள்.

மணி அடிக்கிறது, வகுப்புக்கு ஓடுகிறேன்.

உங்கள் இரீனி