யாரிடமும் சொல்லாத திரைச்சீலை

அன்புள்ள கணவருக்கு,

இங்கே நான் நலம். கடல் கடந்த ஊரில் நீங்களும் நலமென்று ஒவ்வொரு ஞாயிறும் போனில் சொல்கிறீர்கள். அதே வார்த்தைகள், அதே வரிசை. முதலில் உறுத்தியது அதுதான். வேலையை விட்டுவிட்டு உங்களிடம் வந்துவிட நான் திங்கட்கிழமை ராஜினாமா கொடுக்க வேண்டியிருந்தது. அதற்குள் சில விஷயங்களைச் சரிபார்த்துக்கொள்ள நினைத்தேன்.

ஆபீஸில் எங்கள் கெர்னலில், கம்ப்யூட்டரின் அடிப்படை மென்பொருளில், ஒரு கோளாறு. மெமரியில் இருப்பதைப் பிரதியெடுத்து ப்ராசஸர் தன் பக்கத்திலேயே கேஷ் என்ற சின்ன அலமாரியில் வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் எட்டிப் பார்க்கச் சோம்பல். நெட்வொர்க் கார்டு மெமரியில் புதிதாக எழுதினால் பழைய பிரதியை எறிந்துவிட்டு மறுபடி படிக்க வேண்டும். ஆனால் துண்டாக எறிய முடியாது. அறுபத்து நான்கு பைட்டும் சேர்ந்த முழு வரியாகத்தான் எறியலாம். கார்டுக்கு ஒதுக்கிய இடத்தை யாரோ வரியின் நடுவில் தொடங்கியிருந்தார்கள். மீதிப் பாதியில் வேறொரு கணக்கு குடியிருந்தது. பழையதை எறியும்போதெல்லாம், இன்னும் மெமரிக்குப் போய்ச் சேராத அந்தப் புதுக் கணக்கும் குப்பைக்குப் போனது. 'அவசரம்' என்று நாங்கள் பெயர் வைத்த டீம் லீடர், கார்டு செய்தவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பொய் எண்ணை எழுதிவைத்து, எந்தப் பொய் எங்கே போய் முளைக்கிறது என்று பார்த்துப் பிடித்தேன். இடத்தை வரியின் தொடக்கத்துக்கு நகர்த்தியதும் சரியாகிவிட்டது.

கைப்பழக்கம் வீடுவரை வந்துவிட்டது. உங்கள் அம்மாவிடம் லீவு கிடைக்கவில்லை என்கிறீர்கள். என்னிடம் ப்ரமோஷன் என்கிறீர்கள். எனவே யாரிடம் சொன்னது உங்களிடம் வந்து சேர்கிறது என்று பார்க்க, முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டதாக உங்கள் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். வாஷிங் மெஷின் படுத்துவிட்டதாக உங்கள் அக்காவிடம் மட்டும் சொன்னேன். இரண்டும் பொய். மூன்றாவதாக, யாரிடமும் சொல்லாமல் பால்கனியில் மஞ்சள் திரைச்சீலை மாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை முடியைப் பற்றிப் பேச்சே இல்லை. கையால துவைச்சு முதுகுவலி இழுத்துக்காதே என்றீர்கள். சரி, அக்காவோடு பேச்சு உண்டு. அப்புறம் போகிற போக்கில், அந்த மஞ்சள் நம்ம வீட்டுக்கு எடுப்பாவே இல்லம்மா என்றீர்கள். ஆமாம் என்று சொல்லி போனை வைத்தேன். அக்காவோ கால் சுளுக்கி ஒரு வாரமாகப் படியிறங்கவில்லை. தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தவருக்கு மட்டுமே தெரிந்த நிறம் அது.

மறுநாள் அக்காவைப் பார்க்கப் போனேன். கொடியில் ஆண்பிள்ளைச் சட்டை. வீட்டுல லூசா போட்டுக்கலாம்னு வாங்கினேன் என்றார். காலர் பொத்தானில் பச்சை நூல். வெள்ளை நூல் தீர்ந்த அன்று நான் தைத்தது. சாத்தியிருந்த உள்ளறையில் யாரோ இருமினார்கள். பக்கத்து வீட்டு டிவி என்றார். டிவிக்கு நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, வெந்நீர் குடிக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வேலை போயிற்றா, நீங்களாக விட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. ராஜினாமாவைக் கிழித்துப் போட்டுவிட்டேன். கடல் கடந்த பெரிய அதிகாரி என்று என்னிடமிருந்த பழைய பிரதியையும் எறிந்துவிட்டேன். எறியுமுன் அதன் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். அது பத்திரமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தை அக்காவிடமே கொடுக்கிறேன். படியிறங்க முடியாத அவருக்கு, இதை வெளிநாட்டில் இருக்கும் உங்களிடம் சேர்ப்பதில் சிரமம் ஒன்றும் இல்லையாம்.

திரைச்சீலை மாட்டும்போது எனக்கு எட்டியது. கழற்றத்தான் எட்டவில்லை. உயரமான ஆள் யாராவது வர வேண்டும்.

இருமல் சீக்கிரம் குணமாகட்டும்.

கதவைத் தாழிடாத,
உங்கள் மனைவி